நான்கு எஞ்சின், ஆனால் சத்தமில்லை: அது எந்த விமானம்?

கேள்வி: நான்கு எஞ்சின் வைத்த ஒரு குட்டி ஜெட் விமானம் சத்தமே போடாது என்கிறார்கள். எஞ்சின் கூடினால் சத்தமும் கூடத்தானே வேண்டும்? அது இப்போதும் பறக்கிறதா?

நீங்கள் கேட்பது பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்த பிஏஇ 146. பிறகு சில மாற்றங்களோடு ஆவ்ரோ ஆர்ஜே என்ற பெயரில் வந்ததும் இதுதான். லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஜூரிக்குக்கு ஒரே ஒரு தடவை இதில் போயிருக்கிறேன். சுவிஸ்காரர்கள் செல்லமாக 'ஜம்போலினோ' என்பார்கள். உருண்டையான உடம்பு, முதுகின் மேல் இறக்கை, அதில் தொங்கும் நான்கு குட்டி எஞ்சின்கள். ஜம்போவுக்குப் பிறந்த குழந்தை மாதிரிதான் இருக்கும்.

சத்தத்துக்கு வருவோம். இந்த எஞ்சினின் உட்பகுதி சினூக் ஹெலிகாப்டர் எஞ்சினிலிருந்து வந்தது. முன்னாலிருக்கும் விசிறியை, சூடான வாயு சுழற்றும் டர்பைனோடு நேரடியாக இணைக்காமல் நடுவில் கியர் வைத்தார்கள். டர்பைன் அதன் வேகத்தில் சுற்றும், விசிறி நிதானமாகச் சுற்றும். விசிறி அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழுமே ஒரு ரம்ப இரைச்சல், அது இதில் அடங்கிவிடுகிறது. காற்றில் பெரும்பங்கு எஞ்சின் மையத்துக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு மெதுவாக வெளியேறுவதால் பின்பக்க உறுமலும் குறைவு. இறங்கிய பிறகு எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் இதில் கிடையாது. அதற்குப் பதில் வால் நுனி இரண்டு மடலாகப் பிளந்து விரியும்; காற்றே பிரேக் பிடிக்கும்.

வெளியே இருப்பவர்களுக்குத்தான் இந்த அமைதி. உள்ளே, இறங்குமுன் இறக்கையின் பின்மடல்களை இறக்கும்போது ஒரு ஊளை கேட்கும் பாருங்கள்! பக்கத்து இருக்கைக்காரர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். நானும்தான், சொல்வதற்கென்ன.

அந்த வால் பிரேக் வானத்திலும் விரியும் என்பதால் அதிகச் சரிவில் இறங்க முடிந்தது. வழக்கமாக விமானங்கள் 3 டிகிரிச் சரிவில் இறங்கும்; லண்டன் சிட்டியில் 5.5 டிகிரி. ஓடுபாதையும் சுமார் 1,500 மீட்டர்தான். நகரத்துக்குள் இருக்கும் அந்த நிலையத்துக்கு ஜெட் சேவை வந்ததே இதை நம்பித்தான். பூட்டானின் பாரோவில், மலைகளுக்கு நடுவே 2,200 மீட்டர் உயரத்தில் இறங்க ட்ருக் ஏர் 1988-இல் வாங்கியதும் இதையே. தூங்கும் ஊர்களை எழுப்பாமல் டிஎன்டி நிறுவனம் ராத்திரியில் பார்சல் ஏற்றியது. பிரிட்டிஷ் அரச குடும்பமும் 2022 வரை பயன்படுத்தியது.

சரி, அவ்வளவு நல்ல விமானம் ஏன் நின்றது? அதே நான்கு எஞ்சின்தான் காரணம். எழுபதிலிருந்து நூறு பேரை ஏற்ற நான்கு எஞ்சினைப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. இரண்டே எஞ்சினில் அந்த வேலையைச் செய்யும் ஜெட்கள் வந்ததும் விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஏறத்தாழ 390 விமானங்களோடு 2000-களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிந்தது.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் கழித்துவிட்ட பழைய 146-களுக்குள் தொட்டி வைத்துக் காட்டுத்தீ அணைக்க அனுப்புகிறார்கள். ஒரு தடவைக்கு 11,000 லிட்டருக்கு மேல் தீத்தடுப்புக் கலவை. மலைப் பள்ளத்தாக்கில் தாழ்வாகவும் மெதுவாகவும் போகவேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஜெட் எது? சிலியின் டாப் நிறுவனம் இதில்தான் அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்குப் போய்ச் சரளைப் பாதையில் இறங்கியது.

1981 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதன்முதலாக எழும்பிய 146 என்ன ஆனது தெரியுமா? உடம்பை நீட்டி, உள்ளே கருவிகளை நிரப்பி, மேகத்தையும் மாசையும் அளக்கும் ஆய்வு விமானமாக்கிவிட்டார்கள். 2016-இல் அது பருவமழையை ஆராய இந்தியா வந்தது. லக்னோவிலும் பெங்களூரிலும் தங்கி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலெல்லாம் பறந்தது.