கோர்ட்டிசோல் 95க்கு இராவேலை மட்டும்தானா காரணம்?

தம்பி, கல்முனையில ஐஸ் பக்டரியில இராவேலை, முடிச்சு வந்து காலை 8 மணிக்குக் குடுத்த இரத்தத்தில கோர்ட்டிசோல் எண்ட ஓமோன் லீற்றருக்கு 95 நனோமோல், காலைக்கு இது குறைவு. "டென்ஷனுக்கு இது கூடத்தானே வேணும்" எண்டு கேட்டிருக்கிறீங்க.

இரவில நித்திரை கொள்ளுற ஆளுக்கு இந்த ஓமோன் நடுச்சாமத்தில அடிமட்டம். விடியப்புறம் ஏறி, கண் முழிச்சு அரை மணித்தியாலமளவில உச்சம். உங்களுக்கு அது படுக்கிற நேரம். நெடுக இராவேலை செய்தாலும் அந்த ஓட்டம் அரைகுறையாத்தான் நகரும். அதால 8 மணி அளவை மட்டும் வச்சு முடிவெடுக்கேலாது.

ஆனா என்ட யோசனை அதில்ல. தொய்வுக்கு ரெண்டு மாசம் போட்ட பிரெட்னிசோலோன் எண்ட ஸ்டீரொய்ட் குளிசையைப் போன கிழமை நீங்களாவே நிப்பாட்டினதைக் கடைசியில போறபோக்கில எழுதியிருக்கிறீங்க. அதெல்லோ முக்கியம்! மூண்டு நாலு கிழமைக்கு மேல அந்தக் குளிசை போனா, மூளையில இருந்து, கோர்ட்டிசோலைச் சுரக்கிற அதிரீனல் சுரப்பிக்குப் போற கட்டளை அடங்கிப்போகும். திரும்ப எழும்பக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். படிப்படியாக் குறைக்கச் சொல்லுறது அதுக்குத்தான்.

நாளைக்கே கிளினிக் கொப்பியோட வைத்தியரிட்டப் போங்க. இன்ஹேலர், முகம் வெளுக்கப் பூசுற கிறீம் (சிலதில ஸ்டீரொய்ட் இருக்கு), எத்தனை மணிக்கு எழும்பினது, எல்லாத்தையும் சொல்லுங்க. தேவையெண்டா அந்தச் சுரப்பியைத் தூண்டிப் பாக்கிற சினாக்தென் ஊசி போட்டு, 30 நிமிசத்தால திரும்ப இரத்தம் எடுப்பாங்க. மிச்சக் குளிசையை உங்கட கணக்குக்குத் தொடங்காதீங்க.

சத்தி, மயக்கம், கடும் காய்ச்சல் வந்தா விடியுமட்டும் பாத்திருக்காம அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், பிரெட்னிசோலோன் நிப்பாட்டின கதையை முதல்ல சொல்லுங்க.