பினாங்கு வருகிறவர்கள் கேட்டவை

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்துக் கடைத்தெருவின் பின்சந்தில் வளர்ந்தவன் நான். வருகிற உறவினர்களையும் உறவினரின் உறவினர்களையும் இருபது வருஷமாக ஊர் சுற்றிக் காட்டுவதே வேலையாகிவிட்டது. விடுமுறை நெருங்குவதால் இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: இரண்டே நாள்தான் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

காலை ஏழரைக்கு லெபோ குவினில் மகாமாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். (லெபோ என்றால் தெரு.) 1833-இல் எழுந்த கோயில், பினாங்கின் இந்துக் கோயில்களில் மூத்தது. மதுரைக்காரருக்குக் கோபுரம் சின்னதாகத்தான் தெரியும், அதற்காக முகம் சுளிக்காதீர்கள். கும்பிட்டுவிட்டுக் கோயிலின் முதுகுப்பக்கம் சுற்றி வந்தால் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை. ஒரு பக்கம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், அதையும் தாண்டினால் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். மறுபக்கம் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதை எழுப்பிய காதர் முகைதீன் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்தவர். எல்லாம் கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் கால் மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். குவான் யின் கோயில் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். கைத்தடி கனத்துக்கு ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும், புறாக்கள் காலைச் சுற்றும். பக்கத்தில் பூக்கட்டும் நம் அக்கா ஒருவர், மடியில் மல்லிகைச் சரம் தொடுத்தபடி, சீனப் பாட்டியிடம் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் விலை சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஊரைப் பற்றி நான் ஒரு மணி நேரம் விளக்கினாலும் அந்த ஒரு காட்சி சொல்வதைச் சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். நடை சாத்துகிற நேரமும் நெருங்கிவிடும். அறைக்குப் போய்ப் படுங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் கடைத்தெரு, அதாவது லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார். பள்ளிவாசலுக்குள் போவதானால் தொழுகை நேரம் தவிர்த்து, உடம்பு மூடிய உடையில் போங்கள். இரண்டாம் நாள் மலைக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா: லிட்டில் இந்தியாவில் சேலை நன்றாக இருக்குமாமே? என்ன பார்த்து வாங்குவது?

அம்மா, கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் கொல்லன் தெருவிலிருந்து கிளம்பி வந்து ஊசி வாங்கப் பார்க்கிறீர்கள். அந்தச் சேலைகளில் பெரும்பாலானவை உங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதாம். கடைக்காரர்கள் என் மேல் கோபப்படுவார்கள், சரி, பரவாயில்லை. அவை இங்கே இருக்கிற எங்களுக்கு.

இங்கே பாத்தேக் வாங்குங்கள், மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி. பாயா-ஞோன்யா குடும்பங்களின் (மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த பழைய சீனக் குடும்பங்கள்) கெபாயா என்ற பெண்கள் சட்டை பாருங்கள். கெபாயாவை 2024-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கழுத்தோரத்தில் நூல் வேலைப்பாடு இழை பிசகாமல் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். சேலை பார்த்த கண் ஏமாறாது.

அப்புறம் ஜாதிக்காய். ஊரில் நமக்கு அந்தக் கொட்டையை மட்டும்தான் தெரியும், குழந்தைக்கு உரைத்துக் கொடுப்போம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கே தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டார்கள். பழத்தைப் பிளந்தால் உள்ளே கருப்புக் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை போல ஜாதிபத்திரி, அதற்கு வெளியே கெட்டியான வெள்ளைச் சதை. பினாங்கில் அந்தச் சதையைத்தான் சர்க்கரையில் ஊறப்போட்டும் சாறு பிழிந்தும் விற்கிறார்கள். சௌராஸ்தா சந்தையின் முகப்பில், கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும் ஊறுகாய்க் கடைகளில் கேளுங்கள். வாங்கும் முன் ஒரு துண்டு ருசி பார்க்கத் தருவார்கள். முதல் கடியில் தைலம் தின்றது போலிருக்கும். இரண்டாவதில் பழகிவிடும்.

சேலத்திலிருந்து: பாத்தேக் அசலா அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணியில் நிறம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்று போலிருக்கும். இயந்திரத்தில் அச்சடித்தது பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். செப்பு மூக்குள்ள சின்னக் கருவியால் உருக்கிய மெழுகை ஊற்றிக் கையால் எழுதுவது ஒரு வகை. அதில் ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இராது. உலோக அச்சை மெழுகில் தோய்த்துக் குத்துவது இன்னொரு வகை. அதில் பூ திரும்பத் திரும்ப வரும், சேருமிடத்தில் மயிரிழை விலகியிருக்கும். விலை கம்மி, ஆனால் அதுவும் அசல்தான்.

என் அண்ணி ஒரு கடையில் ‘கையால் எழுதியது’ என்ற சொல்லை நம்பி 120 வெள்ளி கொடுத்தார். (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்.) வீட்டில் விரித்தால் ஐம்பது பூவும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள், பின்பக்கம் சோகை பிடித்தது போல். கடையிலேயே திருப்பிப் பார்த்திருந்தால் தீர்ந்தது. கூச்சப்படாதீர்கள்.

நகை வாங்கலாமா? — மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

916 முத்திரை பார்த்து, கூலி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்தியாவில் சுங்கத்துறையின் நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போகிறவருக்கு இல்லை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

ஐயோ, இல்லை. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சீனர்களின் சைவக் கடைகளும் உண்டு, பலவற்றில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் நெரியும்.

கவனம் வேறு இடத்தில் வேண்டும். வெறும் கீரைதானே என்று கங்கோங் வாங்கினால் அதில் பெலாச்சான் இருக்கும், அது இறால் பசை. ரொட்டி சானாய்க்கு (நம் பரோட்டா மாதிரி) ஊற்றுகிற குழம்பு மீன் குழம்பாக இருக்கலாம், ‘பருப்பு மட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். பினாங்கு லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் மீனில்லாமல் இல்லை. பாசிப்பயறு பூரணம் வைத்த தாவ் சா பியா பிஸ்கட்டை எல்லோரும் ஊருக்கு வாங்கிப் போவார்கள். பழைய முறையில் அதில் பன்றிக் கொழுப்பு சேரும். தாவர எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையநல்லூரிலிருந்து: எங்கள் தாத்தா பினாங்கில் இருந்தவர். பேரன் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். உங்கள் ஊர், தென்காசி, ராமநாதபுரக் கரை என்று கிளம்பி வந்தவர்கள் நடந்த தெருக்கள் இவை. லெபோ சூலியாவில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. பச்சை ஜன்னல், சுண்ணாம்புச் சுவர், உள்ளே போனால் தெருச்சத்தம் சட்டென்று நின்றுவிடும்.

பிறகு நாசி கண்டார் சாப்பிடுங்கள். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தண்டு வைத்துத் தூக்குவது. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு, நடுவில் ஒரு தமிழ் முஸ்லிம் மனிதர். துறைமுகத் தொழிலாளிகள் பசியாற அப்படித்தான் தெருத்தெருவாக விற்றார்கள். இன்று வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்ட வேண்டும். ‘பாஞ்சிர்’ என்று சொன்னால் ஐந்தாறு குழம்பையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். மலாய் மொழியில் வெள்ளம் என்று அர்த்தம், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். தட்டைப் பார்த்துக் கண்மதிப்பில் விலை போடுவார்கள், ஆகவே பெரிய இறாலையும் மீன்முட்டையையும் தொடும் முன் விலை கேளுங்கள். உள்ளூர்க்காரனான எனக்கே ஒருமுறை நெஞ்சு அடைத்தது.

கொடிமலையா (பினாங்கு ஹில்), கெக் லோக் சி புத்தர் கோயிலா? (திருச்சி)

பக்கத்துப் பக்கத்தில்தான், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மலை ஏறத்தாழ 830 மீட்டர், 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. முதல் வண்டிக்கே போங்கள், பத்து மணிக்கு மேல் வரிசையில் நிற்பதே வேலையாகிவிடும். மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. முழங்கால் நன்றாக இருந்தால் தண்ணீர்மலை முருகனையும் பார்த்துவிடுங்கள், 513 படி.

பிள்ளைகளுக்குச் சுவரோவியம் காட்ட வேண்டும். (வேலூர்)

லெபோ ஆர்மேனியன். சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள், எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-இல் வரைந்தது. ஒன்பது மணிக்கு முன் போனால் படம் எடுக்கலாம். பிறகு போனால் மற்றவர்கள் படம் எடுப்பதைப் பார்க்கலாம்.

டுரியான் பழம் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா? (திருநெல்வேலி)

விமானத்தில் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், ஹோட்டல் வாசலிலேயே சிவப்புக் கோடு போட்ட படம் தொங்கும். ஜூன், ஜூலையில் வந்தால் பாலிக் பூலாவ் பக்கம் போய், கிலோ விலையை முதலில் கேட்டு, உங்கள் கண்முன் பிளக்கச் சொல்லி, அங்கேயே நின்று தின்றுவிடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து: பத்துப் பன்னிரண்டு முறை வந்துவிட்டோம். புதிதாக ஏதாவது?

புதிது இல்லை, பழையது இருக்கிறது. சுல்தான் அகமட் ஷா சாலையில் பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறை. 1786-இல் இந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட் 1794-இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். காலையில் கல்லறைகள் மேல் பூ உதிர்ந்து கிடக்கும், ஆள் இருக்காது.

அப்புறம் சௌராஸ்தா சந்தையின் மாடி. கீழே மீன் வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே பழைய புத்தகக் கடைகள், கூரை வரை அடுக்கு. போன வருஷம் அட்டை கிழிந்த தமிழ் வார இதழ்கள் ஒரு கட்டு அகப்பட்டன. கடைக்காரர் சீனர். விலை கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, தமிழில் ‘அஞ்சு வெள்ளி’ என்றார்.