கழுதையின் வயதை வாய் சொல்லும்

கேள்வி: நாலு வயது என்று சொல்லி ஒரு பெட்டைக் கழுதையை விற்றார்கள். பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. வயதை எப்படி உறுதி செய்வது? எப்போது பாரம் ஏற்றலாம்? எத்தனை வருடம் இருக்கும்?

பதில்: உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர்க் கழுதைகளே குட்டை ரகம்தான். வாயைத் திறந்து முன்பற்களைப் பாருங்கள். மாட்டைப் போல இல்லாமல், கழுதைக்கு மேலே ஆறு, கீழே ஆறு என்று இருக்கும். பால் பல் சிறியது, வெள்ளை, அடியில் குறுகியது. நிலைப் பல் அகலம், கொஞ்சம் மஞ்சள். நடு ஜோடி இரண்டரை வயதில் மாறத் தொடங்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். சில மாதம் முன்பின் ஆகலாம். உங்கள் கழுதைக்கு நாலு வயது என்றால் ஓரப் பல் மட்டும் பால் பல்லாக இருக்க வேண்டும். நடு ஜோடி மட்டுமே மாறியிருந்தால் மூன்று வயதுதான். அஞ்சு வயது தாண்டிவிட்டால் தேய்மானத்தை வைத்துச் சொல்வது வெறும் மதிப்பீடு. பத்துக்கு மேல் யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பாரத்துக்கு நாலு வயதாவது ஆகட்டும். கால் எலும்பு முதிர்ந்தாலும் முதுகெலும்பு கடைசியில்தான் முதிரும். இரண்டு வயதில் மூட்டை ஏற்றினால் அந்தப் பாதிப்பு ஆயுளுக்கும் தீராது. தொடங்கும்போது குறைந்த எடை, அப்புறம் படிப்படியாக. வளர்ந்த பிறகும் சுமார் 50 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சினைக்கும் மூன்று வயது வரை பொறுங்கள். சினைக்காலமே ஏறக்குறைய ஒரு வருடம்.

ஆயுள் உங்கள் கையில் இருக்கிறது. ஓய்வில்லாமல் உழைக்கும் கழுதை பதினைந்தைத் தொடுவதே கஷ்டம். நன்றாகப் பராமரித்தால் முப்பது தாண்டும். இருபதுக்கு மேல் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, சிலது விழுந்துவிடும். மென்ற வைக்கோலை உருண்டையாகத் துப்பினால் அதுதான் அறிகுறி. பொடியாக நறுக்கிய தீவனம், ஊறவைத்த தவிடு கொடுங்கள். வருடம் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள், வயதானபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

முக்கியமாக ஒன்று. கழுதை வலியை வெளியே காட்டாது. தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் பெருகி, கல்லீரலைக் கெடுத்து, சில நாளில் உயிரையே எடுத்துவிடும். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இந்த ஆபத்து அதிகம். அன்றைக்கே மருத்துவரை வரவழையுங்கள்.