பிரிந்து இருந்தால் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாதா?

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 49 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி 26 வருஷம் ஆகிறது. முடிந்த சில மாதங்களிலேயே என் வீட்டுக்காரர் சவுதிக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். பிள்ளைகளை வளர்த்தது, மாமியார் படுக்கையில் கிடந்தபோது பார்த்தது, வீடு கட்டியது, மகளை நர்சிங் படிக்க வைத்தது எல்லாம் நான் ஒற்றை ஆளாகத்தான். போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றுகிறார். எதை வாங்கினாலும் "எவ்வளவு ஆச்சு?" என்கிறார். எனக்கு வருஷக்கணக்காக மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் நான் பற்று வைத்து வாங்குவேன், மாதம் பிறந்தால் கொடுப்பேன். அவளிடம் போய் இவர் பேரம் பேச, இப்போது அவள் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. தேங்காய் வெட்டுகிறவருக்கு நான் பேசி வைத்த கூலியைக் குறைத்தார். ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டுகிறார். எங்கள் அன்பியத்துப் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) பெண்கள் கூட்டத்துக்கு வந்தால் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இப்போது நேரில் பேசுவதையே விட்டுவிட்டேன். "அப்பாகிட்ட சொல்லு" என்று மகனிடம்தான் சொல்லி அனுப்புகிறேன்.

குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை. அதைச் சொல்லியே என் அக்கா என் வாயை அடைக்கிறாள். ஆனால் மீன்காரம்மாவிடம் அவர் நடந்துகொண்டது சரியா, நீங்களே சொல்லுங்கள்.

முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். பேசி வைத்துவிட்டால் அப்புறம் மிச்ச நேரம் என்னுடையது. போன கிறிஸ்துமஸ் முடிந்து திருக்குடும்ப விழாப் பூசையில், தம்பதிகள் எல்லாரும் கைபிடித்து திருமண வாக்குறுதியைத் திரும்பச் சொல்லுங்கள் என்றார் ஃபாதர். பின் பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கும் அளவுக்கு இவர் உரக்கச் சொன்னார். எனக்குச் சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அது கிடக்கட்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் கேஸ் சிலிண்டர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று ஒரு விசாரணை!

என் சித்தி மகள் தன் கல்யாணம் செல்லாது என்று திருஅவையின் மறைமாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிவிட்டாள். 2015-க்குப் பிறகு அது சுலபமாகிவிட்டதாம். எனக்கு மறுமணம் எல்லாம் வேண்டாம். கீழே அவர், மாடியில் நான் என்று இருந்தால் போதும். அப்படி இருந்தால் நன்மை வாங்கக் கூடாதா? மீன்காரம்மா எதிரில் வந்தால் நான் எந்த முகத்தோடு பேசுவேன்?

— பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிந்து வாழ்கிறார் என்பதற்காக மட்டும் யாருக்கும் நன்மை மறுக்கப்படுவதில்லை. விவாகரத்தே ஆகியிருந்தாலும், மறுமணம் செய்யாமல் வாழ்கிறவர் நன்மை, பாவசங்கீர்த்தனம் (பாவங்களை அறிக்கையிடுவது) போன்ற திருவருட்சாதனங்களைப் பெறலாம் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-லேயே எழுதிவிட்டார். துணையால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரிய ஆபத்து என்றால் விலகி வாழத் திருஅவைச் சட்டமே இடம் தருகிறது. உங்கள் வீட்டில் அந்த ஆபத்து இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். டப்பாவுக்காகவும் மீனுக்காகவும் மாடியேறலாமா என்பதை உங்கள் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேளுங்கள்.

நான் வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, அந்த இடத்தில். மறுமணம் வேண்டாம் என்கிற ஒருவர் செல்லாத கல்யாணத் தீர்ப்பைப் பற்றி எதற்காக விசாரிக்க வேண்டும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அன்று குரல் எழும்பாததிலிருந்து, அந்த வாக்குறுதியே பொய்தானோ, இந்த மனிதரை நான் நேசித்ததே இல்லையோ என்ற பயம் உங்களைப் பிடித்திருக்கிறது. யாராவது ஒரு தீர்ப்பு எழுதித் தந்தால் தேவலை என்று இருக்கிறது.

மறைமாவட்ட நீதிமன்றம் அதைச் செய்யாது. அங்கே விவாகரத்து கொடுப்பதில்லை. கல்யாணத்தன்று கொடுத்த சம்மதம் உண்மையான சம்மதமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பயமுறுத்திச் சம்மதிக்க வைத்தார்களா, பெரிய விஷயம் எதையாவது மறைத்து ஏமாற்றினார்களா, திருமணப் பொறுப்பை ஏற்கும் மனநிலை இருந்ததா என்பது போன்ற கேள்விகள். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றியது நடைமுறையைத்தான். முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது மேல்முறையீடு இல்லையென்றால் ஒன்று போதும். கேட்கிற கேள்வி பழைய கேள்விதான். சம்மதம் என்பது மனது எடுக்கிற தீர்மானம் என்கிறது அந்தச் சட்டம். 26 வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தொண்டை அடைத்ததை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள்.

தொண்டை அடைத்ததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. லீவு நாட்களைக் கூட்டிப் பாருங்கள், அவர் ஒரேயடியாகத் திரும்பும் வரை நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்று வருஷம் தேறினாலே அதிகம். "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும்" என்று முதல்முறை சொன்னபோது உங்களுக்கு இருபத்து மூன்று வயது. பக்கத்தில் நின்றவர் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ளும் முன்பே அவர் விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் வாக்களித்த பிரமாணிக்கம் (உண்மையாய் இருப்பது) எல்லாம் எட்டு மணிப் போனுக்கு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, எத்தனையோ பெண்கள் உடைந்துபோன இடம் அது. ஆனால் போனை வைத்தால் மிச்ச நேரம் உங்களுடையது. இப்போது "வாழ்நாளெல்லாம்" என்ற சொல்லுக்குள் ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார், டிவி பார்க்கிறார், கேட்டைப் பூட்டுகிறார். உங்களுக்குப் புதுமணத் தம்பதியின் முதல் வருஷம் இப்போதுதான் நடக்கிறது, அதுவும் முழங்கால் வலி வருகிற வயதில்! வாய் மட்டும் அசைந்தது என்றால், அர்த்தம் புரிந்து நின்றிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே? இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் சவுதியில் என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி இல்லை. பகலெல்லாம் என்ன செய்கிறார், ஊரில் பேச ஆள் இருக்கிறதா, எதுவும் இல்லை. அவர் மாற்றியவை மட்டும் வரிசையாக இருக்கின்றன. அவர் பணம் அனுப்பி எழுந்த வீட்டில் அவருக்கென்று ஒரு டப்பா வைக்கிற இடம்கூட இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. "எவ்வளவு ஆச்சு?" என்பது உங்கள் காதில் சந்தேகமாக விழுகிறது. தன் பங்கு இதில் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மனிதனும் அப்படித்தான் கேட்பான். பூசையில் பின் பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள், சரி. அவர் யாருக்குக் கேட்கட்டும் என்று அவ்வளவு உரக்கச் சொன்னார்?

அவர் பக்கமும் தவறு உண்டு. மீன்காரம்மாவோடு உங்களுக்கு இருந்தது கணக்கு மட்டும் அல்ல என்பதை அவர் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும். அன்பியப் பெண்கள் கூடும்போது நடுவில் உட்கார அவருக்கு வேலை இல்லை, அதை நேராகச் சொல்லலாம். நீங்கள் தனியாக இழுத்த பாரத்துக்கு அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லாமல் அவருக்கு அது எப்படித் தெரியும்? கான்கிரீட் போட்ட அன்று பணம் பற்றாமல் யாரிடம் கடன் வாங்கினீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? கணக்கு கேட்கிறார் அல்லவா, அந்தப் பழைய கணக்கைச் சொல்லுங்கள். தனியாக முடியவில்லை என்றால், உங்கள் மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுவில் பேச ஆள் இருப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் இன்றே நிறுத்த வேண்டும். மகனைத் தூது அனுப்பாதீர்கள். அவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடமே சொல்லுங்கள், அது சண்டையில் போய் முடிந்தாலும் சரி.