மூன்று ஃப்ளை கட்ட முப்பது இறகு எதற்கு?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ட்ரவுட் மீன் பிடிப்பவர்களிடமிருந்து. பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: தூண்டில் முள்ளின் மேல் இறகு, முடி, நூல் சுற்றி, நீர்ப்பூச்சி போலவே தோன்றும்படி கட்டும் பொய்ப்பூச்சிக்குத்தான் ஃப்ளை என்று பெயர். அதைக் கடையில் வாங்கலாம், வீட்டில் உட்கார்ந்து கட்டவும் செய்யலாம். இரண்டிலும் ஏமாற வழி இருக்கிறது.

கேள்வி: அப்பா பல வருடமாக ட்ரவுட் பிடிக்கிறார். கடையில் கட்டி விற்கும் ஃப்ளைகளைத்தான் வாங்குவார். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் தானே கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார். வைஸ் (கட்டும்போது முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும் கருவி), மற்றக் கருவிகள், இறகு, முள் எல்லாம் அடங்கிய தொடக்கப் பெட்டி ஒன்றைப் பரிசாகத் தரலாமா?

பதில்: பெட்டியாகவே தாருங்கள். ஆனால் அதைக் கடைக்காரர் நிரப்ப வேண்டாம், நீங்களே நிரப்புங்கள்.

நானும் ஒரு தொடக்கப் பெட்டியில்தான் ஆரம்பித்தேன். திறந்தால் கிளிப்பச்சையிலும் ரோஸிலும் சாயம் ஏற்றிய இறகுகள், கொஞ்சம் ஜரிகை, அளவு போடாத முள் ஒரு கைப்பிடி. ஏகப்பட்ட பொருள்கள் இருந்தன. ஆனால் உருப்படியாக ஒரே ஒரு ஃப்ளையை முழுதாகக் கட்டி முடிக்கத் தேவையானவை மட்டும் சேர்ந்து அமையவில்லை. வைஸின் தாடை, நூலைக் கொஞ்சம் இறுக்கினாலே முள்ளைச் சாய்த்துவிடும். ஒரு மாதம் வரைக்கும் கோளாறு என் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முதலில் ஃப்ளையை முடிவு செய்யுங்கள், பொருள் பிறகு. அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய ஃப்ளை டப்பாவைத் திறந்து பாருங்கள். எவை நைந்து, மீன் பல் பட்டுப் பிய்ந்து கிடக்கின்றனவோ அவைதான் அவர் உண்மையில் பயன்படுத்துபவை. புத்தம் புதிதாக மின்னுபவற்றை விட்டுவிடலாம். நைந்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த மூன்றுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வாங்குங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், ஹேர்ஸ் இயர் நிம்ஃப், எல்க் ஹேர் கேடிஸ். முதல் இரண்டும் பூச்சியின் இளம் பருவத்தைப் போன்றவை, தண்ணீருக்குள் போகும். ட்ரவுட் தன் இரையில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்தான் தின்கிறது என்பதால் மூன்றில் இரண்டு அங்கே இருப்பது சரிதான். மூன்றாவது நீர்மேல் மிதக்கும் கேடிஸ் பூச்சி. மூன்றுக்கும் சேர்த்து 14ஆம் எண்ணில் இரண்டு வகை முள் போதும்: நிம்ஃபுக்குத் தடித்த கம்பியில் ஒன்று, மிதப்பதற்கு மெல்லிய கம்பியில் ஒன்று. (முள்ளில் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். இதைக் கவனிக்காமல் 6ஆம் எண் முள் வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) அப்புறம் ஒரு ஃபெசன்ட் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி, முயல் முடித் துகள், ஒரு துண்டு எல்க் மான் முடி, பழுப்புச் சேவல் இறகு, பழுப்பு நூல் ஒரு சுருள். அவ்வளவுதான். ஃபெசன்ட் டெயிலை உருவாக்கிய ஃப்ராங்க் சாயர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்தவர். அவர் அந்த ஃப்ளைக்கு நூல்கூடப் பயன்படுத்தவில்லை, செம்புக் கம்பியாலேயே கட்டி முடித்தார். எடைக்கு எடையும் ஆயிற்று, கட்டுக்குக் கட்டும் ஆயிற்று.

கருவிகளில் காசை வைஸிலும் கத்தரிக்கோலிலும் போடுங்கள். வைஸை வாங்கும் முன் ஒரு முள்ளைத் தாடையில் பிடிக்க வைத்து, முள்ளின் காதை (நரம்பு கோர்க்கும் வளையத்தை) விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். முள் வளைந்து நிமிர வேண்டும். தாடையில் நழுவினால் அதைத் தொட வேண்டாம். தாடையோடு முள்ளும் சேர்ந்து சுழலும் ரோட்டரி வைஸ் நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் அவசியமில்லை. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் வகையா, கனமான அடித்தட்டில் நிற்கும் வகையா என்பது அவரவர் மேசையைப் பொறுத்தது. நூலைப் பிடித்துக்கொள்ளும் பாபினில் மட்டும் கவனமாக இருங்கள். மலிவான உலோகக் குழாயின் வாயில் பிசிறு இருக்கும், அது நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். வாயில் பீங்கான் வளையம் வைத்தது கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதையே வாங்குங்கள். கடைசி முடிச்சுப் போடும் விப் ஃபினிஷர் இல்லாமலும் சமாளிக்கலாம், விரலாலேயே போடலாம். கம்பி வெட்ட மட்டும் வீட்டில் கிடக்கும் பழைய கத்தரிக்கோல். நல்லதைக் கம்பியில் வைத்தால் அன்றோடு அது போயிற்று.

கேள்வி: சொந்தமாகக் கட்டினால் காசு மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: நண்பர் முள், நூல், இறகு விலையை மட்டும் கணக்குப் போடுகிறார். வைஸையும், பாதி பயன்படுத்திய பொட்டலங்களையும், கடைக்குப் போனபோது கண்ணில் பட்டதால் வாங்கியதையும் சேர்க்கச் சொல்லுங்கள். போன வருடம் எத்தனை ஃப்ளைகளைத் தொலைத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு டஜனுக்குள் என்றால் கட்டியதை வாங்குவதுதான் மலிவு. மரக்கிளையிலும் பாறையிலும் வாரா வாரம் விட்டுவிட்டு வருபவர் என்றால், அதுவும் மூழ்குவதற்காகக் கனமான டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப் ஆனால், கட்டுவது கட்டுப்படியாகும். எனக்கு மிச்சமானதே இல்லை. அதற்காக நிறுத்தவும் இல்லை.

கேள்வி: மிதக்கும் ஃப்ளைக்குச் சேவல் இறகு வாங்கப் போனேன். முழுக் கழுத்துத் தோல் ஒரு விலை, முதுகுத் தோல் ஒரு விலை, சின்னப் பொட்டலம் ஒரு விலை. எல்லாமே இறகுதானே? ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: செலவு அதிகம் பிடிக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிதக்கும் ஃப்ளை நீர்மேல் நிற்பதே அந்த இறகின் இழைகளின் நுனியில்தான். இழை விறைப்பாக இருக்க வேண்டும், அடியில் பஞ்சு போன்ற பகுதி குறைவாக இருக்க வேண்டும், ஒரே இறகில் இழைகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும். சாதாரணக் கோழியிடம் இது மூன்றும் சேர்ந்து கிடைக்காது. இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த சேவல்களின் இறகைத்தான் ஜெனட்டிக் ஹாக்கிள் என்று விற்கிறார்கள். விலை அதற்குத்தான்.

கழுத்துத் தோலில் சின்னது முதல் பெரியது வரை பல அளவு இறகுகள் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் குட்டை. முதுகுத் தோல் இறகு நீளமானது, அளவும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், ஒரே இறகில் பல ஃப்ளை கட்டலாம். ஆனால் அந்தத் தோல் எந்த அளவு முள்ளுக்குப் பொருந்துமோ அதை மட்டும்தான் கட்ட முடியும். ஒரே அளவு முள்ளுக்கென்று பொறுக்கி எடுத்த இறகுகள் பொட்டலமாகவும் வருகின்றன. நீங்கள் 14ஆம் எண்ணிலும் 16ஆம் எண்ணிலும்தான் கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பொட்டலம் இரண்டு வாங்குங்கள், போதும். முழுத் தோலைக் கையில் வாங்கிப் பார்த்தால் மனசு கேட்காது, அது வேறு விஷயம்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு இறகைத் தோலிலிருந்து பிய்க்காமல் மெதுவாக வளைத்தால் இழைகள் விசிறிபோல் நிமிரும். அந்த இழையின் நீளம், முள்ளின் வாய் அகலத்தைப்போல (தண்டுக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள இடைவெளி) ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் அந்த முள்ளுக்குச் சரி. நுனியை உதட்டில் வைத்தால் குத்த வேண்டும், கூசினால் போதாது. நிறம் இரண்டு போதும்: பழுப்பு ஒன்று, கறுப்பு வெள்ளை வரி போட்ட கிரிஸ்லி ஒன்று. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் ஃப்ளை இந்த இரண்டு நிற இறகையும் சேர்த்துச் சுற்றியதுதான். எந்தப் பூச்சியையும் குறிப்பாகப் பார்த்துச் செய்தது போலில்லாமல், பல பூச்சிகள் போலத் தோன்றி இன்றுவரை மீன் பிடிக்கிறது.

தோல் வாங்கினால் மறக்காமல் காற்றுப் புகாத பையில் போட்டுச் சில நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்துச் சில நாள் விட்டு மறுபடியும் வையுங்கள். அந்துப்பூச்சி ஒன்று உள்ளே வந்துவிட்டால் மற்றதெல்லாம் பொடிதான்.

கேள்வி: டங்ஸ்டன் மணி என்று வாங்கியது பித்தளையோ என்று சந்தேகம். பார்த்தால் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பார்த்துத் தெரியாது, இரண்டுக்கும் மேலே ஒரே தங்க முலாம்தான். எடை மட்டும் பொய் சொல்லாது. டங்ஸ்டனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், பித்தளைக்கு 8.5 அளவில். விற்கும் மணி கலப்பு உலோகம் என்பதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் இரண்டு மடங்கு ஒட்டி நிற்கும். நிச்சயமாகப் பித்தளை என்று தெரிந்த மணிகளில் அதே அளவில் இருபது, சந்தேகப்படுவதில் பத்து எடுங்கள். ஒரு பென்சிலின் மேல் அளவுகோலைத் தராசுபோல் வைத்து, இரண்டு முனையிலும் வையுங்கள். ஏறக்குறைய சமமாக நின்றால் உங்களிடம் இருப்பது டங்ஸ்டன். இருபது இருக்கும் பக்கம் பொத்தென்று இறங்கினால் பித்தளை. சமையலறைத் தராசு இதற்குச் சரிப்படாது, ஒரு கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. சோதனையை வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சைவிட அது வேலை செய்யும்.

கேள்வி: ஆன்லைனில் இரண்டு டஜன் ஃப்ளை வாங்கினேன். இரண்டாவது மீனிலேயே தலைப்பக்க நூல் அவிழ்ந்துவிட்டது. "மீன் கடித்தால் அப்படித்தான் ஆகும்" என்கிறார் விற்றவர்.

பதில்: பாதி உண்மை. ட்ரவுட்டுக்குப் பல் உண்டு, இறகு இழை அறுவது சகஜம். ஆனால் தலையில் போட்ட முடிச்சு அவிழ்வது கட்டியவரின் குறை. அவரிடம் கடிபட்ட ஃப்ளையைக் காட்டாதீர்கள், மீன் மேல் பழி போட்டுவிடுவார். இன்னும் தண்ணீரைப் பார்க்காத ஒன்றை எடுத்து, உடலை இரண்டு விரலால் மெதுவாகத் திருகுங்கள். முள்ளின் தண்டைச் சுற்றி உடல் மோதிரம்போலச் சுழன்றால் அடியில் நூல் படுக்கை போடவில்லை என்று அர்த்தம். முள்ளின் காதில் பசை அடைத்திருக்கிறதா பாருங்கள். நுனியைக் கார்க்கில் குத்தி இழுங்கள், நிமிர்ந்தாலும் முறிந்தாலும் முள் மட்டம். இந்த மூன்றையும் படம் பிடித்து, விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்த விவரத்தோடு சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நீங்கள் வாங்கிய தளத்தில் முறையீடு செய்யுங்கள். பிரச்சினை முடிச்சில் மட்டும் என்றால் மிச்சமிருப்பவற்றின் தலையில் ஒரு சொட்டு ஹெட் சிமென்ட் (முடிச்சை ஒட்டும் பசை) வைத்துக் காப்பாற்றிவிடலாம். அடுத்த முறை எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் முதலில் வகைக்கு ஒன்று வாங்கிப் பாருங்கள். என்ன நிறுவன முள், என்ன அளவு என்று சொல்லாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் 5எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு) அறுகிறது, இன்னொன்றின் 5எக்ஸ் அறுவதில்லை. இரண்டும் ஒரே எண் தானே?

பதில்: எக்ஸ் எண் பருமனைத்தான் சொல்லும், வலுவை அல்ல. 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பருமன் என்று வரும். 5எக்ஸ் என்றால் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். சுருளின் மேல் மில்லிமீட்டரும் தாங்கும் எடையும் போட்டிருக்கும், அவற்றை ஒப்பிடுங்கள். வெயிலில் கிடந்த நைலானும் வலு இழக்கும். முடிச்சை நனைக்காமல் இறுக்கினாலும் அறும், அதற்கு நிறுவனம் பொறுப்பில்லை.

கேள்வி: பழைய படங்களில் காணும் ஃப்ளைகளில் மெழுகுப்புள்ளி போல மின்னும் ஓர் இறகு இருக்கிறது. ஒருவர் "காட்டுக்கோழி இறகு, அபூர்வம்" என்று விற்கிறார். வாங்கலாமா?

பதில்: சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு அது. இந்தியாவின் காட்டுப் பறவை, அங்கே சட்டப் பாதுகாப்பு உள்ளது. பண்ணையில் வளர்த்ததன் இறகு என்பதற்கு ஆவணம் காட்ட முடியாதவரிடம் தொடாதீர்கள். எல்லை தாண்டி அஞ்சலில் வருவதென்றால் உங்களுக்கே வழக்கு வரலாம். அபூர்வ இறகுக்கு ஆசைப்பட்டு எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது: 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின, சால்மன் ஃப்ளை கட்டுவோருக்கு விற்பதற்காக. ட்ரவுட்டுக்கு அந்தப் புள்ளி தேவையே இல்லை.

கேள்வி: மிதக்க வைக்கும் ஜெல் பூசினேன், ஃப்ளை முன்பைவிடச் சீக்கிரம் மூழ்குகிறது. ஜெல் போலியா?

பதில்: ஃப்ளையில் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று இறகு இருக்கிறதா? அது சிடிசி, வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டி வளரும் இறகு. இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்துத்தான் மிதக்கும். ஜெல் அந்த இழைகளை ஒட்டவைத்துவிடும். ஜெல்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், எல்க் ஹேர் கேடிஸுக்குப் பூசுங்கள், நன்றாகவே மிதக்கும். சிடிசிக்கு உலர்த்தும் பொடி ஒரு டப்பா வாங்குங்கள். மீன் பிடித்ததும் ஃப்ளையைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, பொடியில் குலுக்கினால் மறுபடி மிதக்கும்.