மாற்றிய கோப்பு பட்டியலில் வராதது ஏன்?

கேள்வி: லினக்ஸில் அண்மையில் மாற்றிய கோப்புகளைத் தேட, 'ஃபைண்ட்' (find) கட்டளையில் 'எம்டைம் 1' (-mtime 1) என்று கொடுத்தேன். இன்று காலை திருத்திய கோப்பு வரவேயில்லை. ஏன்?

பதில்: எண்ணுக்கு முன் கழித்தல் குறி இடாததே காரணம். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கொண்டு தேடும் 'எம்டைம்' நாட்காட்டி நாளைப் பார்ப்பதில்லை. கட்டளை இயங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரக் கூறுகளாக எண்ணி, மிச்சத்தை விட்டுவிடுவதால், வெறும் 1 என்பது 24 மணிக்கும் 48 மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு முன்பு மாறியவற்றை மட்டுமே காட்டும். கழித்தல் 1 (-mtime -1) என்று கொடுங்கள். காலையில் திருத்தியது கிடைத்துவிடும். நிமிடக் கணக்கில் தேட 'எம்மின்' (-mmin) இன்னும் நல்லது: கழித்தல் 90 என்றால் கடந்த ஒன்றரை மணி நேரத்து மாற்றங்கள் வரும். கோப்புறைகள் கலந்து வந்து குழப்பாதிருக்க 'டைப் எஃப்' (-type f) என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே போன்ற இன்னொரு தெரிவான 'சிடைம்' (-ctime) பார்ப்பது கோப்பு உருவான நேரத்தை என்று பலர் நம்புவது தவறு. கோப்பின் அனுமதியை மாற்றினாலே அந்த நேரம் மாறிவிடும்.