வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டாலும் பெசெல் எண் கிடைக்கும்

வணக்கம். மான்செஸ்டரிலிருந்து வேலைக்காகப் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகருக்கு வந்திருக்கிறீர்கள், முகவரிப் பதிவுப் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுக்கிறார், பெசெல் எண்ணே (போலந்தில் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) கிடைக்காதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அந்த வீட்டில் தங்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது, அதனால் ஒப்பந்தத்தின் அசலையும் கடவுச்சீட்டையும் விசாவையும் எடுத்துக்கொண்டு நீங்களே நகராட்சி அலுவலகத்துக்குப் போகலாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், முதலில் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் போலிஷில் வாங்கிவிடுங்கள்.

பதிந்துவிட்டால் குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க முடியாது என்ற பயம் இங்கே பல வீட்டுக்காரர்களுக்கு உண்டு. அது தவறு. போலந்துச் சட்டப்படி இந்தப் பதிவு யார் எங்கே இருக்கிறார் என்ற கணக்குக்கு மட்டும்தான், வீட்டின் மேல் எந்த உரிமையும் வந்துவிடாது. அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், உறவு கெடாமல் இருப்பது நல்லது.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பிரெக்சிட்டுக்கு அப்புறம், 2021 முதல் புதிதாக வருகிற பிரிட்டன்காரர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு உள்ள 30 நாள் அவகாசம் இல்லை, வந்த நான்காம் நாளுக்குள் பதிய வேண்டும். 30 நாளுக்கு மேல் தங்குவதாகப் பதிந்தால் பெசெல் எண் தானாகவே வரும், கட்டணமும் இல்லை.

அப்புறம், மனைவியும் குழந்தையும் உங்களோடு இருந்தால், அவர்களையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லி நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். நீங்கள் சொல்லாமல் அது நடக்காது.